ஹில்மி செய்த கடல்

என் கணவர் ஷௌகத் கடற்படையில் இருந்தவர். அலெக்சாந்திரியாவில் எங்களைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஏனென்றால் அவரே முதலில் சொல்வது இதைத்தான். ஓய்வு பெற்ற பிறகும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முகம் தெரியும் காலணி, நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் கோத்த கைகள். காப்பிக் கடைக்காரர் "வாங்க ஷௌகத் பே" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார். பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் அந்தப் 'பே' பட்டம் காதில் விழுந்ததும் இவருடைய தாடை ஒரு விரற்கடை உயரும்.

கடற்படையில் இருந்தது உண்மை. கப்பலில் இருந்ததில்லை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் கம்பளிப் போர்வையும் பூட்ஸும் சோப்புக் கட்டியும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் புயல் கதைகளை ஆரம்பித்தால் எழுந்துபோய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவுவேன். அவ்வளவுதான் என்னால் முடிந்த மரியாதை.

நான் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறர் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பதுதான் ஆயுள் முழுக்க என் வேலை. ஓய்வுக்குப் பிறகு அதைக் காட்ட இடமில்லாமல் இருந்தபோது, ஆண்டவன் எனக்கென்று மாதிரிக் கப்பல் செய்கிறவர்களின் சங்கத்தைக் கொடுத்தான்.

ஷௌகத் அதற்குத் தலைவர். கடற்கரைச் சாலையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கூடுவார்கள். தொந்தி வைத்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஆண்கள். ஒவ்வொருவரும் ஒரு சாண் கப்பலுக்கு வருஷக்கணக்கில் உழைப்பார்கள். மீசை முடி கனத்தில் கயிறு, அரிசி அளவில் நங்கூரம், கடுகு அளவில் ஆணி. பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கப்பல் எதன்மேல் நிற்கும் தெரியுமா? பளபளவென்ற நீல அட்டைமேல். கொஞ்சம் வசதியுள்ளவராக இருந்தால், பாஸ்பூஸா இனிப்புத் தட்டில் பாகு ஊற்றியதுபோல ரெசின் பசையைக் கலந்து ஊற்றி, அதில் வெள்ளைச் சாயத்தை நாலு இழுப்பு இழுத்துவிட்டு "அலை" என்பார்கள். பல் மருத்துவர் லபீப் இதில் மன்னர். வருஷா வருஷம் பரிசு அவருக்கே. பிறந்த நாளிலிருந்து கடலைப் பார்த்தபடி வாழும் ஊரில், ஜன்னலைத் திறந்தால் உப்பு நாக்கில் ஒட்டும் ஊரில், இத்தனை ஆண்களில் ஒருவனுக்குக்கூடத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று தெரியவில்லை.

இவர்களில் ஒருவன்தான் என் தம்பி ஹில்மி. ராம்ல் ட்ராம் நிலையத்துக்கு எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மென்மையானவன் என்று அம்மா சொல்வாள். நான் சொல்லும் வார்த்தை வேறு. ட்ராமில் நாலு நிறுத்தம் போனாலே முகம் வெளுத்து ஜன்னலோரம் தேடுகிறவன். அவன் செய்த கப்பல் 'பஹிய்யா'. அந்தக் காலத்தில் வெங்காயமும் பஞ்சும் ஏற்றிக்கொண்டு பிரான்சிலிருக்கும் மார்செய் வரைக்கும் போன ஒரு சரக்குக் கப்பல். ஒற்றைப் புகைபோக்கி, இரண்டு பாய்மரம் போன்ற தூக்குக்கம்பங்கள், துருப்பிடித்த பக்கங்கள். அழகில்லாத கப்பல். அதனாலேயே எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. ஆனால் அவனிடம் சொல்லவில்லை.

எல்லாரும் கப்பலை அமைதியான துறைமுகத்தில் நிறுத்தும்போது, இவனுக்கு மட்டும் பஹிய்யாவைப் புயலில் விடவேண்டும் என்று ஆசை வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து சாப்பிட வந்தவன் துணி போர்த்திய பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் மீனும் வெங்காயச் சோறும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மேசையின் பாதியை ஒதுக்கச் சொல்லி, பலகையை வைத்துத் துணியை எடுத்தான். நுரைப்பலகையைச் செதுக்கி அலை செய்து, மேலே மெல்லிய காகிதம் ஒட்டி, நீலம் பூசி, நடுவில் பஹிய்யாவை நிறுத்தியிருந்தான். அலைமேல் பஞ்சு.

"எப்படியிருக்கு?" என்றான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"எல்லா அலையும் ஒரே உசரம்," என்றேன். "காலையில பள்ளிக்கூட மைதானத்துல வரிசையா நிப்பாங்களே புள்ளைங்க, அது மாதிரி. மேல என்ன அது, பால்சோத்துல ஆடை கட்டினாப்ல?"

"நுரை அக்கா அது."

"புகை இந்தப் பக்கம் போகுது. கொடி அந்தப் பக்கம் பறக்குது. உன் கப்பலுக்கு மட்டும் ரெண்டு காத்தாடா?"

ஹில்மி கொடியைப் பார்த்தான். புகையைப் பார்த்தான்.

ஷௌகத் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, நாப்கினால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

"ஹில்மி, உன் நல்லதுக்குச் சொல்றேன். கடலுக்குப் போகாதவன் கடல் செய்யக் கூடாது. ட்ராம்ல போனாலே வாந்தி எடுக்கிறவனுக்குப் புயல் எதுக்கு? அழகா நீல அட்டை ஒண்ணு ஒட்டி மேல வெச்சுடு. டாக்டர் லபீபைப் பாரு, எவ்வளவு சுத்தமா செய்றாரு! புயல்னா என்னன்னு என்னை மாதிரி அனுபவிச்சவன்தான் சொல்ல முடியும்."

நான் எழுந்து எலுமிச்சம்பழம் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வரும்போது ஹில்மி நின்றுகொண்டிருந்தான்.

"அப்ப போறேன்," என்றான்.

"சாப்பிடாமலா?"

"கடலுக்கு. நவ்வா அடிக்கும்போது போயிட்டு வர்றேன்."

எங்கள் ஊரில் குளிர்காலப் புயல் ஒவ்வொன்றும் நவ்வா. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு, மாதம் உண்டு, உறவினர்போல வருஷம் தவறாமல் வரும். அப்போது வரவேண்டியது காசிம். அது வந்தால் கடற்கரைச் சாலையில் தண்ணீர் காரின் மேலேறும். ஷௌகத் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒன்றுக்காகச் சேர்ந்து சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

ஆனால் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்ஃபூஷிக் கடற்கரையில் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் மெத்வல்லிக்கு, எல்லாரும் ரய்யிஸ், அதாவது படகுத் தலைவர், என்று கூப்பிடுகிறவருக்கு, ஹில்மிதான் கண்ணாடி போட்டுக் கொடுத்தது. அவரிடம் கேட்டான். மெத்வல்லி அவனை மேலும் கீழும் பார்த்து, "நவ்வால எவனும் போக மாட்டான் சார். துறைமுகத்தையே மூடிடுவாங்க. அது ஓஞ்சு திறந்த அன்னைக்கு வாங்க. புயலோட வால் மிச்சம் இருக்கும். உங்களுக்கு அந்த வாலே ஜாஸ்தி," என்றாராம்.

இதை அவனே வந்து சொன்னபோது, நானும் வருகிறேன் என்றேன். அன்பினால் அல்ல. இவன் படகிலிருந்து விழுந்து செத்தால் ஷௌகத் ஆயுளுக்கும் அதை ஒரு புயல் கதையாக்கிச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

காசிம் அடித்து ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல இருந்த ஒரு காலையில் கிளம்பினோம். மெத்வல்லி என்னைப் பார்த்ததும், "ஹாஜ்ஜா, நீங்களுமா? மீன் சந்தை இந்தப் பக்கம் இல்லியே!" என்றார். நான் ஹஜ்ஜுக்குப் போனவள் அல்ல. வயதைப் பார்த்துக் கொடுத்த பட்டம். "நீ ஓட்டு," என்றேன். சிரித்துக்கொண்டே இயந்திரத்தை முடுக்கினார்.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டும் வரை ஹில்மி கையில் கேமராவை வைத்துக்கொண்டு நின்றான். தாண்டியதும் உட்கார்ந்தான். இன்னும் கொஞ்சம் போனதும் வலைக்குவியல்மேல் குப்புறப் படுத்தான். அதற்குப் பிறகு அவன் பார்த்ததெல்லாம் வலையும் தன் காலை உணவும்தான். கேமரா உருண்டு போய் எங்கேயோ விழுந்தது. மெத்வல்லி திரும்பிப் பார்த்து, "கேமராவுக்கு முன்னாடி மனுஷனைக் கட்டுங்க ஹாஜ்ஜா!" என்று கத்தினார். என் தலைத்துணியை அவிழ்த்து அவன் கையைக் கம்பத்தோடு கட்டினேன். அதே கம்பத்தை நானும் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு வாந்தி வரவில்லை. ஏனென்று தெரியாது. கண்ணை மூடவும் தோன்றவில்லை.

நீலம் எங்கேயும் இல்லை. அதுதான் முதலில் கவனித்தது. கரையோரம் சேற்றுத் தண்ணீர். அப்புறம் மொலோகியாக் கீரை கொதிக்கும் நிறம். அதற்கும் அப்பால் ஈயம். அலைகள் வரிசையில் வரவில்லை. சிறியது பெரியதன் முதுகில் ஏறும், பெரியது இன்னொன்றின் கீழே போகும், எங்கிருந்தோ ஒன்று குறுக்கே வந்து இரண்டையும் கலைக்கும். அலை உடையும் உச்சியில், வெயில் பின்னாலிருந்து விழும் கணத்தில் மட்டும், தண்ணீர் பச்சைப் பாட்டில் கண்ணாடிபோல ஒளிர்ந்து உடனே வெள்ளையாகிவிடும். உடைந்த நுரை மேலே நிற்காது. அலையின் முதுகில் கிழிந்த வலைபோல நீண்டு வழியும். காற்று போகும் திசையில் கோடு கோடாக.

எங்களுக்கு முன்னால் இன்னொரு படகு போய்க்கொண்டிருந்தது. எங்களுடையதைவிடப் பெரியது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது இல்லாமல் போனது. மூழ்கவில்லை; இல்லாமல் போனது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மேடு எழுந்து நின்றது. அதன் மேல் அந்தப் படகின் கம்பத்து நுனியும் கொடித்துணியும் மட்டும் தெரிந்தன. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கரையில் நிற்கும் காயித்பே கோட்டையும் காணோம். அத்தனை பெரிய கல்கோட்டை.

பயந்தேன். வாழ்க்கையில் எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்கத்தான் எனக்குத் தெரியும். அந்த மேட்டைப் பார்த்தபோது உதடு அசையவில்லை.

மெத்வல்லி கெட்ட வார்த்தைகளால் கடலைத் திட்டிக்கொண்டே படகைத் திருப்பினார்.

கரையேறியதும் ஹில்மி கல்லில் உட்கார்ந்து அழுதான். "ஒண்ணுமே பாக்கலக்கா. ஒண்ணுமே!"

"நான் பாத்தேன்," என்றேன். "எந்திரி. முகத்தைக் கழுவு. அசிங்கமா இருக்கு."

அப்படித்தான் நான் அவன் கடைக்குப் போக ஆரம்பித்தேன். முன்னால் கண்ணாடிச் சட்டங்கள் தொங்கும் கடை. பின்னால் ஓர் அறை. மதியம் கடையில் கூட்டம் குறைந்ததும் போவேன். நான் நாற்காலியில் உட்காருவேன். அவன் செதுக்குவான். நான் பார்த்ததைச் சொல்வேன். அவன் செய்வதை நான் மட்டம் தட்டுவேன்.

"இது அலையா? ஒட்டகத் திமில்."

"இது மட்டும் ஏன் தனியா நிக்குது? மத்ததோட கோவமா?"

"சவரம் பண்ணின நுரை மாதிரி இருக்கு. எடு. எல்லாத்தையும் எடு."

முதலில் முகம் சுருங்கிப் போகும். பிறகு பழகிவிட்டான். ஒரு கட்டத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே என் மூக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டு கத்தியை எடுத்தான். செதுக்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினான். மறுபடி தூக்கிப் போட்டான். நுரைப்பலகைத் தூள் அவன் புருவத்திலும் என் தேநீரிலும் விழுந்தது. அடியில் கிட்டத்தட்டக் கறுப்பு, மேலே போகப் போகப் பச்சை, அதன்மேல் பளபளக்கும் பசையைச் சன்னமாகப் பூசுவது, காயவிடுவது, மறுபடி பூசுவது. காய்ந்தால்தான் ஈரமாகத் தெரியும். கொடியையும் புகையையும் ஒரே பக்கம் திருப்பினான். நுரைக் கோடுகளையும் அதே பக்கம் இழுத்தான்.

அந்தப் பச்சைப் பாட்டில் வெளிச்சம் மட்டும் வரவே இல்லை. என்ன சாயம் பூசினாலும் அது சாயமாகவே இருந்தது.

"சுவருக்குப் பெயின்ட் அடிச்சாப்ல இருக்கு," என்றேன்.

"வேற எப்படிக்கா? தண்ணிக்குள்ள வெளிச்சம் போகணும்னா—" என்றவன் பாதியில் நிறுத்தினான். எழுந்து முன்கடைக்குப் போனான். புதுச் சட்டங்களில் காட்சிக்காக மாட்டி வரும் வெற்று பிளாஸ்டிக் வில்லைகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. பவர் கண்ணாடி மாட்டும்போது கழற்றி எறிவது. அவற்றைக் கொண்டுவந்தான். சட்டத்தை வளைக்கச் சூடு காட்டும் சாதனத்தில் ஒன்றைக் காட்டி, இளகியதும் இடுக்கியால் பிடித்து, உதடு மடிப்பதுபோல மடித்தான். ஓரத்தில் பச்சையை ஒற்றினான். அலையின் உச்சியில் செருகி, விளக்கைப் பின்னால் வைத்தான்.

நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"என்னக்கா?"

"பரவால்ல," என்றேன். அவன் அன்றைக்கு எனக்குக் கல்லீரல் சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தான்.

கப்பலை வைக்கும் நாளில்தான் சண்டை. அலைகளுக்கு மேலே, எல்லாப் பக்கமும் தெரியும்படி பஹிய்யாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ இறக்கு," என்றேன்.

"எங்க?"

"பள்ளத்துல. முன்னால இந்தப் பெரிய அலை அதை மறைக்கணும்."

"அக்கா! மறைச்சா தளம் தெரியாது. கம்பியெல்லாம் பித்தளைல ஒவ்வொண்ணா முறுக்கினது. சரக்கு இறக்குற மூடி ஒவ்வொண்ணும் திறந்து மூடும். இதையெல்லாம் யாருக்குச் செஞ்சேன்?"

"எனக்குத் தெரியாது. நான் பாத்த படகு தெரியல. கம்பம்தான் தெரிஞ்சுது. கடல் வேணுமா, உன் கம்பி வேணுமா?"

அவன் கப்பலைக் கையில் எடுத்து மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான். மகளை அனுப்பிவைக்கும் தகப்பன் முகம். எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் கத்தியை எடுத்துப் பள்ளத்தை ஆழமாக வெட்டினான். கப்பலின் அடியில் சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, பசை ஒட்டிக்கொள்ளாமல், பள்ளத்தில் சாய்த்து உட்கார வைத்தான். பக்கங்களில் பசையையும் நுரையையும் நிரப்பினான். முன்னால் பெரிய அலை. அதற்குப் பின்னால் புகைபோக்கியும், இரண்டு கம்பங்களும், பாலத்தின் ஒரு மூலையும் மட்டும். குனிந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

படகில் கம்பத்தைப் பிடித்ததுபோல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

வசந்தத்தில் சங்கத்தின் கண்காட்சி. கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள், நீல அட்டைகள்மேல் வரிசையாகக் கப்பல்கள். டாக்டர் லபீபின் பாய்மரக் கப்பல் பாகுக் கடலில் மின்னிக்கொண்டிருந்தது. ஷௌகத் மார்பில் பட்டை அணிந்து, விருந்தாளிகளை ஒவ்வொரு மேசையாக அழைத்துப் போனார். ஹில்மியின் பலகை கூடத்தின் கோடியில், தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே வைத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை.

ஆனால் கூட்டம் அங்கேதான் நின்றது. கையில் தேநீரோடு வந்தவர்கள் தேநீரைக் குடிக்க மறந்து குனிந்து பார்த்தார்கள். ஒரு தடித்த பெண்மணி, "யா சாத்திர், ஆண்டவனே! ஆளுங்க உள்ள இருப்பாங்களா?" என்று கணவரைக் கேட்டாள். "பொம்மைம்மா," என்றார் அவர். அவரும் ஒரு அடி பின்னால் தள்ளித்தான் நின்றார்.

ஷௌகத் விருந்தாளிகளோடு வந்து சேர்ந்தார். பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகத்திலிருந்து அந்தப் 'பே' காணாமல் போனதை நான் பார்த்தேன். பிறகு தாடை உயர்ந்தது.

"இது என் மனைவியோட தம்பி செஞ்சது," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆர்வம் இருக்கு, பாவம். ஆனா கப்பல் எங்க? நம்ம விதிப்படி கப்பல் முழுசாத் தெரியணும். அதைவிட முக்கியம், கடல் இப்படி இருக்காது. இவன் கடலுக்குப் போனதே இல்ல. ஒரு தடவை போய் வலைல வாந்தி எடுத்துட்டு வந்தான். நான் புயலைப் பாத்தவன், சொல்றேன். கடல்னா ஒரு கம்பீரம் வேணும். இது என்ன, சாக்கடை பொங்கினாப்ல?"

விருந்தாளிகள் மரியாதைக்குச் சிரித்தார்கள். ஹில்மியும் சிரித்தான். அவனும் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எந்தக் கடல்ல பாத்தீங்க ஷௌகத்?" என்றேன்.

அவர் திரும்பினார். "என்ன?"

"புயல். எந்தக் கடல்ல பாத்தீங்கன்னு கேட்டேன். கிடங்குல கம்பளி எண்ணும்போது ஜன்னல் வழியாவா? சோப்புக் கட்டி அடுக்கும்போதா? ஒரு நாளாவது கப்பல்ல கால் வெச்சிருக்கீங்களா?"

லபீப் இருமினார். யாரோ கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. ஷௌகத்தின் கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தன. அவற்றை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "டாக்டர், பரிசை நீங்களே குடுத்துடுங்க," என்று லபீபிடம் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார். பரிசு லபீபுக்குத்தான் என்பதால், லபீப் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார். அந்தக் கூத்தையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஹில்மி என் பின்னாலேயே இறங்கி வந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். கடற்கரைச் சாலையில், வேர்க்கடலை விற்கிறவன் முன்னால் என்னை மறித்து நின்றான். முகம் நான் பார்த்தறியாத முகமாக இருந்தது.

"உன்னை யாரு கேட்டா?"

"அவர் உன்னை அவமானப்படுத்தினாரு. நீ பல்லக் காட்டிட்டு நிக்கிற."

"அது எங்களுக்குள்ள. அவர் எப்பவும் அப்படித்தான் பேசுவாரு. நான் வீட்டுக்கு வந்தா தட்டுல பெரிய மீனை எனக்குத்தான் வெப்பாரு. நீ பாத்திருக்கியா? நீ எங்க பாத்த! உனக்குத் தப்புதான் தெரியும்."

"பொய் சொல்றாருடா. காலம் பூரா—"

"தெரியும்!" என்று கத்தினான். வேர்க்கடலைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். "கிடங்குல இருந்தாருன்னு எனக்குத் தெரியாதா? லபீபுக்குத் தெரியாதா? லபீபோட அண்ணன் அதே கிடங்குல இருந்தவரு. சங்கத்துல எல்லாருக்கும் தெரியும்க்கா. ஒருத்தரும் சொல்லல. இத்தனை வருஷமா ஒருத்தரும். ஏன்னு உனக்குப் புரியாது. நீ கெட்டிக்காரி."

கெட்டிக்காரி என்பதை அவன் சொன்ன விதம் என்னுடையது. என் மூக்கு, என் உதடு, என் குரல். அத்தனை மதியங்கள் பின்னறையில் உட்கார்ந்து நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் போல.

அவன் ட்ராம் நிலையத்தை நோக்கி நடந்தே போனான்.

வீட்டில் ஷௌகத் வெள்ளைச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, உள்பனியனோடு தானே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கலக்கினார். வெகுநேரம் கலக்கினார்.

"கம்பளியையும் யாராவது எண்ணத்தான் வேணும் தௌலத்," என்றார். "குளிர்ல கப்பலுக்குப் போறவனுக்கு."

அதற்கு எகத்தாளமாகச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாததற்கும் அவர் நன்றி காட்டவில்லை. கோப்பையோடு பால்கனிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். காப்பிக் கடைக்குப் போவதையும் நிறுத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை ஹில்மி வந்தான். எனக்கு ஸலாம் சொல்லிவிட்டு நேராக பால்கனிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் கால்பந்து பற்றிப் பேசினார்கள். சாப்பிடும்போது கவனித்தேன். பெரிய மீன் ஹில்மியின் தட்டுக்குத்தான் போனது. அத்தனை வருஷமும் போயிருக்கும்.

அடுத்த முறை வந்தபோது அவன் பலகையைக் கொண்டுவந்தான். என் முன்னாலேயே மேசைமேல் வைத்து, மெதுவாக, பல் பிடுங்குவதுபோல அசைத்து அசைத்து, பஹிய்யாவைக் கடலிலிருந்து தூக்கி எடுத்தான். மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்ததால் ஒரு கீறலும் இல்லாமல் வந்தது. தாளை உரித்தான். அடிப்பாகம், பித்தளைக் கம்பிகள், திறந்து மூடும் மூடிகள், எல்லாம் முழுசாகத் தெரிந்தன.

"அத்தான், இது சங்கத்துக்கு. கண்ணாடிப் பெட்டியில வைங்க. நீல அட்டைல," என்றான்.

ஷௌகத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நல்ல கப்பல்," என்றார். "நல்ல கப்பல் ஹில்மி." அன்றைக்குச் சாயங்காலம் கஞ்சி போட்ட சட்டையை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கப்பலைத் துணியில் சுற்றி, இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினார்கள். காப்பிக் கடை வழியாகத்தான் போயிருப்பார்கள். யாராவது 'பே' என்று கூப்பிட்டிருப்பார்கள். எல்லாம் தெரிந்தும் கூப்பிடுகிற மனிதர்கள்!

"பலகையை என்னடா பண்றது?" என்று வாசலில் கேட்டேன்.

"அது உன்னுதுதானே," என்றான் ஹில்மி. குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

கடல் என் மேசையில் தங்கிவிட்டது. நடுவில் கப்பலின் வடிவத்தில் ஒரு குழி, அதன் விளிம்பில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்த சுருக்கங்கள். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டார்கள். கடல் என்றேன். கப்பல் எங்கே என்றார்கள். போய்விட்டது என்றேன். மேற்கொண்டு கேட்க அவர்களுக்கு அறிவு போதவில்லை.

ஆனால் அந்தக் குழி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தக் கடலிலும் அப்படிக் குழி இருக்காது. சில வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ட்ராம் ஏறிப் போய், கலைப்பொருள் கடையில் நுரைப்பலகைத் துண்டும் பசையும் இரண்டு தூரிகையும் வாங்கினேன். ஹில்மியின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. உள்ளே யாருக்கோ கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிற்கவில்லை.

சமையலறைக் கத்தியால் ஒரு அலை செதுக்கிக் குழியில் பொருத்தினேன். தள்ளி நின்று பார்த்தேன். ஆட்டு வால் மாதிரி இருந்தது. பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த துண்டை எடுத்தேன்.